கீழடிப் பானை ஓடுகளும் கார்பன் நானோகுழாய்களும்: இராமன் நிறமாலைச் சான்றின் எல்லைகள்

ஆய்வுச் சுருக்கம்

கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளின் உட்புறக் கரும்பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் உள்ளன என்ற அறிவிப்பு 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. அது முதல், ‘பண்டைத் தமிழரின் நானோ தொழில்நுட்பம்’ என்னும் தொடர் தமிழாய்வு மேடைகளில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. நானோகுழாய் உண்டு என்பது, அது சங்ககாலத்தது என்பது, அதனை மக்கள் அறிந்து உருவாக்கினர் என்பது ஆகிய மூன்றும் தனித்தனிக் கூற்றுகள். இராமன் நிறமாலை இவற்றுள் முதற்கூற்றுக்கு மட்டுமே, அதுவும் சில நிபந்தனைகளோடு, சான்றாக முடியும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பானை ஓட்டில் இயல்பாக அமையும் ஹேமடைட்டின் இராமன் கோடுகள் நானோகுழாய்க்குரிய கோடுகளின் எல்லைக்குள் விழுவதைச் சுட்டிக்காட்டி, செய்யப்பட வேண்டிய சோதனைகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கீழடி, கருப்பு சிவப்பு மட்கலம், கார்பன் நானோகுழாய், இராமன் நிறமாலை, ஹேமடைட், பொருந்தல்

1. முன்னுரை

வைகையாற்றின் தென்கரையில், சிவகங்கை மாவட்டத்தில் அமைந்துள்ள கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2014-15இல் அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டம் முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அப்பணியை மேற்கொண்டு வருகிறது. 2019 செப்டம்பரில் வெளியிடப்பட்ட அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரித்துண்டு ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 580 என அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, நவம்பரில், ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் கோகர்ணேஸ்வரன் முதலாகிய குழுவினர் எழுதிய கட்டுரை வெளிவந்தது. வேலூர் வி.ஐ.டி.யைச் சார்ந்த ஆய்வாளர்கள் அக்குழுவில் இடம்பெற்றிருந்தனர். கீழடிப் பானை ஓடுகளின் உட்புறக் கரும்பூச்சில் ஒற்றைச் சுவர், பல சுவர் கார்பன் நானோகுழாய்களும் அடுக்குத் தாள்களும் உள்ளன. ஒற்றைச் சுவர்க் குழாய்களின் சராசரி விட்டம் 0.6 நானோமீட்டர், பிழை வரம்பு 0.05, தொல்பொருள்களில் கண்டறியப்பட்ட நானோ கட்டமைப்புகளுள் இவையே மிகப் பழமையானவை என்பன அக்கட்டுரையின் முடிபுகள்.

இம்முடிபுகள் தமிழ்க் கல்விப்புலத்திற்கு வந்து சேர்ந்த விதமே இங்கு விமர்சனத்திற்குரியது. பொருளறிவியல் கட்டுரை ஒன்றின் முடிபு, கருத்தரங்க உரைகளிலும் கட்டுரைகளிலும் மேற்கோளாக நுழையும்போது, அதன் நிபந்தனைகள் உதிர்ந்துவிடுகின்றன. ‘கண்டறியப்பட்டது’ என்பது ‘தமிழர் கண்டுபிடித்தனர்’ என மாறுகிறது. கருவி காட்டியது எது, காட்டாதது எது என்ற வினாவே எழுவதில்லை. இலக்கியச் சான்றை எடுத்தாளும்போது பாடவேறுபாட்டையும் உரைவேறுபாட்டையும் நுணுகி நோக்கும் நாம், ஆய்வகச் சான்றை மட்டும் வினவாமல் ஏற்பது முறையாகாது. நிறமாலையும் ஒரு பனுவலே. அதற்கும் பாடவேறுபாடு உண்டு.

2. இராமன் நிறமாலை கார்பனில் காண்பது

ஒளி ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறும்போது, ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு தன் ஆற்றலில் சிறிது இழந்தோ பெற்றோ வெளிவருகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் இணைந்து கொல்கத்தாவில் 1928இல் கண்டறிந்த விளைவு இது. ஆற்றல் மாற்றம் அப்பொருளின் அணுக்கள் அதிரும் முறையைப் பொறுத்தது. ஆகவே சிதறிய ஒளியின் நிறமாலையைக் கொண்டு, பொருளைச் சிதைக்காமலேயே அதன் அணுக்கட்டமைப்பை ஊகித்தறிய முடிகிறது. தொல்பொருள் ஆய்வில் இம்முறை விரும்பப்படுவதற்குக் காரணமும் இதுவே.

கார்பனின் நிறமாலையில் மூன்று பகுதிகள் முதன்மையானவை. இங்குக் குறிக்கப்படும் அலையெண்கள் அனைத்தும் ஒரு செண்டிமீட்டருக்கு இத்தனை என்னும் அலகில் அமைந்தவை. முதலாவது, 1580-1590ஐ ஒட்டித் தோன்றும் ஜி பட்டை. அறுகோண வலையாகப் பிணைந்த கார்பன் அணுக்கள் தம் தளத்திற்குள் அதிர்வதால் இது உண்டாகிறது. இரண்டாவது, 1350ஐ ஒட்டித் தோன்றும் டி பட்டை. அவ்வலையில் குறைபாடோ ஒழுங்கின்மையோ இருப்பதை இது காட்டும். மூன்றாவது, தாழ்ந்த அலையெண்களில், பெரும்பாலும் 100 முதல் 400 வரையிலான எல்லையில், தோன்றும் ஆரவழி அசைவு. குழாயின் சுவர் முழுவதும் ஒருசேர விரிந்து சுருங்கும் அதிர்வு இது. மூச்சு வாங்கும் மார்புக்கூட்டின் அசைவைப் போன்றது.

இம்மூன்றின் சான்று வலிமை ஒன்றல்ல. ஜி, டி பட்டைகள் கிராஃபைட்டிலும் உண்டு. விறகுக் கரியிலும் அடுப்புப் புகைக்கரியிலும் அகன்ற வடிவில் உண்டு. எனவே இவ்விரு பட்டைகளும் தெரிகின்றன என்பது, ‘இங்கு அறுகோணப் பிணைப்புடைய கார்பன் உள்ளது’ என்பதற்கு மேல் எதையும் கூறாது. பானையின் கருப்பு கார்பனால் ஆனது என்பது நிறமாலை எடுப்பதற்கு முன்னரே அறிந்த செய்தி. பல சுவர்க் குழாய்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடினமானது. அவற்றின் விட்டம் பெரிதாதலால் ஆரவழி அசைவு பெரும்பாலும் புலப்படுவதில்லை. ஒழுங்கற்ற கிராஃபைட்டிலிருந்து அவற்றை இராமன் முறையால் மட்டும் பிரித்தறிவது அரிது. ஒற்றைச் சுவர்க் குழாய்க்கே உரிய அடையாளமாகக் கொள்ளத்தக்கவை ஆரவழி அசைவும், ஜி பட்டை இரண்டாகப் பிளவுறுவதும் ஆகும்.

ஆரவழி அசைவின் அலையெண் குழாயின் விட்டத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். பரவலாகப் பயன்படும் ஒரு தொடர்பின்படி, 248 என்னும் எண்ணை அலையெண்ணால் வகுத்தால் விட்டம் நானோமீட்டரில் கிடைக்கும். குழாய் தனித்திருக்கிறதா, கட்டாக இருக்கிறதா, எதன் மேல் படிந்துள்ளது என்பவற்றைப் பொறுத்து இம்மாறிலி சிறிது வேறுபடும். 0.6 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு இத்தொடர்பு தரும் அலையெண் ஏறத்தாழ 413. பிழை வரம்பைச் சேர்த்தால் 380 முதல் 450 வரை. கீழடிக் கரும்பூச்சில் இத்தகைய குழாய்கள் கணிசமாக இருப்பின், அவற்றின் ஆரவழி அசைவைத் தேட வேண்டிய இடம் இதுவே.

3. செம்மண் இடும் இடையூறு

கார்பன் நானோகுழாய் ஆய்வகத்தில் தூய்மையாக உருவாக்கப்படும்போது அதன் நிறமாலையில் வேறு பொருளின் கோடுகள் குறுக்கிடுவது குறைவு. பானை ஓடு அத்தகையதன்று. அது மணலும் களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் கலந்த சுட்ட மண். குவார்ட்ஸின் வலுவான கோடு 464இல் தோன்றும். சிவப்பு நிறத்திற்குக் காரணமான ஹேமடைட்டின் கோடுகள் ஏறத்தாழ 225, 292, 411, 498, 612 ஆகிய இடங்களிலும், அகன்ற பட்டையாக 1320ஐ ஒட்டியும் தோன்றும்.

இவ்வெண்களை மேற்கூறிய விட்டத் தொடர்பில் இட்டுப் பார்த்தால் ஒரு சிக்கல் வெளிப்படுகிறது. 225 என்பது 1.10 நானோமீட்டர் விட்டமுள்ள குழாயாகப் படிக்கப்படும். 292 என்பது 0.85 நானோமீட்டராகும், 411 என்பது 0.60 நானோமீட்டராகும்; 612 என்பது, கோட்பாட்டளவில் மிகச் சிறிய குழாய்க்குக் கூறப்படும் 0.4 நானோமீட்டரை ஒட்டி வந்து நிற்கும். டி பட்டைக்கு அருகிலேயே ஹேமடைட்டின் 1320 பட்டையும் அமைகிறது. கருப்பு சிவப்பு மட்கலத்தில் குழாயே இல்லாதிருந்தாலும், ஹேமடைட் மட்டுமே குழாயின் அடையாளங்கள் எனத் தோன்றத்தக்க கோடுகளைத் தந்துவிடக்கூடும் என்பது இதன் பொருள். கரும்பகுதியில் ஹேமடைட் குறைவு, அங்கு மேக்னடைட்டே மிகுதி என்று மறுக்கலாம். ஆயின் லேசரின் வெப்பமே மேக்னடைட்டை ஹேமடைட்டாக மாற்றவல்லது என்பது இராமன் ஆய்வாளர் நன்கறிந்த இடர்.

கீழடிக் கட்டுரையின் முடிபு பிழையானது என்று நிறுவுவது இங்கு நோக்கமன்று. அக்குழுவினர் இராமன் நிறமாலையை மட்டும் சார்ந்திருக்கவில்லை. எக்ஸ்-கதிர் ஒளிமின் நிறமாலையையும் உயர் பிரிதிறன் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களையும் பயன்படுத்தியுள்ளனர். நுண்ணோக்கி குழாயின் உருவத்தை நேரடியாகக் காட்டும். அதன் சான்று தனித்தன்மையுடையது. ஆயினும் நுண்ணோக்கிக்கும் ஓர் எல்லை உண்டு. அது காண்பது மிகமிகச் சிறிய பரப்பு. காட்டுவது தேர்ந்தெடுத்த சில படங்கள். மாதிரியைத் தாங்கும் மெல்லிய படலமும் பெரும்பாலும் கார்பனே. ஆதலின் பூச்சு முழுவதிலும் குழாய்கள் பரவியுள்ளன என்ற கூற்றுக்கு இராமன் சான்று இன்றியமையாததாகிறது. அச்சான்றின் வழியில்தான் செம்மண் குறுக்கே நிற்கிறது.

இவ்விடர்ப்பாட்டைக் களையும் வழிகள் உள்ளன. முதல் வழி, வெவ்வேறு லேசர்களைப் பயன்படுத்துவது. ஒற்றைச் சுவர்க் குழாய் தன் மின்னணு மாற்ற ஆற்றலோடு லேசரின் ஆற்றல் ஒத்திசையும்போது மட்டுமே வலுவாகத் தோன்றும். எனவே 532, 633, 785 நானோமீட்டர் லேசர்களில் மாறிமாறி எடுத்தால், ஒன்றில் தோன்றிய ஆரவழிக் கோடு மற்றொன்றில் மறையும். வேறு விட்டமுள்ள குழாயின் கோடு எழும். ஹேமடைட்டின் கோடுகளோ வலிமையில் ஏறி இறங்கினாலும் தம் இடங்களில் மாறாது வரும். டி பட்டையும் லேசரின் ஆற்றலுக்கேற்ப, ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏறத்தாழ 50 என்ற அளவில், இடம்பெயரும். 532இலிருந்து 785க்கு மாறும்போது டி பட்டை நாற்பதை ஒட்டிய அளவு கீழிறங்க வேண்டும். இறங்கினால் அது கார்பன். அசையாது நின்றால் ஹேமடைட் என ஐயுற வேண்டும்.

இரண்டாவது வழி, சிறிதளவு பூச்சை அமிலத்தில் இட்டு இரும்பு ஆக்சைடையும் கனிமங்களையும் கரைத்துவிட்டு, எஞ்சியதை மீண்டும் ஆராய்வது. மூன்றாவது, அதே ஓட்டின் சிவப்புப் பகுதியையும் அது கிடைத்த குழியின் மண்ணையும் அதே அமைப்பில் ஆராய்ந்து ஒப்பிடுவது. சிவப்புப் பகுதியிலும் அதே தாழ்வெண் கோடுகள் தோன்றினால், கரும்பூச்சின் கோடுகளைக் குழாய்க்கு உரிமையாக்க இயலாது. லேசரின் அலைநீளமும் திறனும், அளந்த புள்ளிகளின் எண்ணிக்கையும், பின்னணி நீக்காத மூல நிறமாலையும் வெளியிடப்பட்டால் பிறர் இவற்றைச் சரிபார்க்க முடியும். கல்வெட்டு ஆய்வில் மைப்படியை வெளியிடாமல் வாசிப்பை மட்டும் வெளியிட்டால் நாம் ஏற்பதில்லை. நிறமாலைக்கும் அதே நெறி பொருந்தும்.

4. இருத்தலும் இயற்றலும்

நானோகுழாய் இருப்பது ஐயமற நிறுவப்பட்டது என்றே கொள்வோம். அதனை ஒரு தொழில்நுட்பம் என்று கூறுவதற்கு அது போதுமா?

சுமியோ இஜிமா 1991இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே கார்பன் நானோகுழாய் உலகின் கவனத்தைப் பெற்றது. அதன்பின், அதனைத் தேடிய பல இடங்களிலும் அது கிடைக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் எல் பாசோவில் லாரன்ஸ் மர் குழுவினர் சமையல் எரிவாயுச் சுடரின் புகைக்கரியிலும், விறகின் புகைக்கரியிலும் பல சுவர் நானோகுழாய்களைக் கண்டனர். ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுள்ள கிரீன்லாந்து பனிக்கட்டியிலும் அவை உள்ளன என்று 2004இல் தெரிவித்தனர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 2005இல் கடுகெண்ணெய் விளக்கின் புகைக்கரியிலிருந்து நானோகுழாய்களைப் பெற்றனர். கார்பனும் வெப்பமும் இரும்புத் துகள் போன்றதொரு வினையூக்கியும் கூடுமிடத்தில் குழாய் தானே உருவாகக்கூடும் என்பதே இவற்றின் சாரம். இரும்பு மிகுந்த களிமண்ணும், தாவரப் பொருளும், காற்று குறைந்த சூளையும் இம்மூன்றையும் ஒருங்கே தருகின்றன.

தாவரச் சாறு பூசப்பட்டு, உயர் வெப்பத்தில் அது குழாய்களாக மாறியிருக்கலாம் என்ற கருத்து அறிவிப்பு வெளிவந்த காலத்தில் முன்வைக்கப்பட்டது. அது கருதுகோள் என்ற அளவில் ஏற்கத்தக்கது. ஆனால் கருப்பு சிவப்பு மட்கலத்திற்குத் தொல்லியலாளர் நெடுங்காலமாகக் கூறிவரும் விளக்கம் எளிமையானது: பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே வைக்கோல் போன்ற தாவரப் பொருளை அடைத்துச் சுடுகையில், காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கருக்கின்றன, காற்றுப்படும் வெளிப்புறம் சிவக்கிறது. தாவரச் சாற்றுக் கருதுகோள் இவ்விளக்கத்தைக் காட்டிலும் எதைக் கூடுதலாக விளக்குகிறது என்பது காட்டப்பட வேண்டும்.

இந்நிலையில் ஒப்பீட்டு மாதிரி இன்றி எம்முடிபும் நிலைபெறாது. கீழடி ஓட்டில் நானோகுழாய் உண்டு என்பதோடு, இன்றைய சாதாரண மட்கலத்தில் அது இல்லை என்பதும் காட்டப்பட்டால்தான், ‘சிறப்பு நுட்பம்’ என்ற சொல்லுக்கு இடமுண்டு. இக்கட்டுரையாளரின் ஊராகிய வேடசந்தூர் வட்டாரம் செம்மண் நிலம் மிகுந்தது. விறகடுப்பில் ஏறி உட்புறம் கருத்த மண்சட்டிகள் இங்கு அரிய பொருள்களல்ல. அத்தகைய சட்டி ஒன்றின் சில்லும், அதே மண்ணைக் கவிழ்த்துச் சுட்ட புதிய கலம் ஒன்றும், அடுப்பிலேறாத சிவப்புக் கலம் ஒன்றும் ஆக மூன்று மாதிரிகள் இவ்வினாவின் பெரும்பகுதிக்கு விடை தரும். விலையுயர்ந்த கருவி தேவைப்படும் பணிதான். ஆனால் மாதிரிக்கு அலைய வேண்டியதில்லை. வேடசந்தூர்ச் சட்டியிலும் அக்குழாய்கள் தென்படுமாயின், கீழடிக்குக் குறைவொன்றும் இல்லை. நானோகுழாய் நெருப்பின் இயல்பைக் காட்டுகிறது, குயவரின் உள்நோக்கத்தை அன்று என்பது மட்டும் தெளிவாகும்.

இங்கு டமாஸ்கஸ் வாளின் எடுத்துக்காட்டு பயனுடையது. ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள், 17ஆம் நூற்றாண்டு வாளொன்றின் துண்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, எஞ்சியதில் கார்பன் நானோகுழாய்களைக் கண்டதாக 2006இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அவ்வகை வாள்களுக்கு மூலப்பொருளான உருக்கு இந்தியாவிலிருந்து சென்றது. அவ்வாளைச் செய்த கொல்லர் நானோகுழாயை அறிந்திருந்தார் என்று எவரும் கொள்ள வேண்டியதில்லை. அவர் அறிந்தது உருக்கின் பதம். எந்த வெப்பத்தில் அடிப்பது, எப்போது நிறுத்துவது என்பது. குழாய் அப்பதத்தின் உடன்விளைவு.

5. காலத்தின் வினா: பொருந்தல் தரும் பாடம்

கரித்துண்டின் காலம் அதன் அருகில் கிடைத்த பானை ஓட்டின் காலமாகக் கொள்ளப்படுவதற்கு மண்ணடுக்கின் தொடர்பே பாலம். கீழடியிலேயே 353 செ.மீ. ஆழத்து மாதிரி பொ.ஆ.மு. 580 என்றால், 200 செ.மீ. ஆழத்து மாதிரி பொ.ஆ.மு. 205 என்று அதே அறிக்கை கூறுகிறது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழ வேறுபாடு நானூறு ஆண்டுகளை அடக்கியுள்ளது. ஆகவே ‘கீழடி ஓடு’ என்பது ஒரு காலமன்று. எக்குழி, எவ்வடுக்கு, எவ்வாழம் என்பதே காலம். ஆய்வுக்கு உட்பட்ட ஒவ்வோர் ஓட்டுக்கும் இவ்விவரம் தனித்தனியே இணைக்கப்பட்டால் மட்டுமே ‘ஆறாம் நூற்றாண்டு’ என்ற அடைமொழி அதற்கு உரியதாகும்.

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்குத் தென்மேற்கே உள்ள பொருந்தலில் பேராசிரியர் கா. இராஜன் நிகழ்த்திய அகழாய்வு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஈமச்சின்னம் ஒன்றில் நாற்கால் சாடிக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அந்நெல்லின் காலம் முடுக்கி நிறைமாலை முறையில் பொ.ஆ.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. அக்கணிப்பின் மீதும் விவாதங்கள் எழுந்தன. எனினும் கலத்துக்கும் காலத்துக்கும் இடையிலான தொடர்பு அங்கு நெருக்கமானது. காலம் கணிக்கப்பட்ட பொருள் கலத்தின் உள்ளேயே இருந்தது. கலம் ஈமச்சின்னத்தினுள் இருந்தது.

கீழடிக் கரும்பூச்சுக்கும் இத்தகைய நெருக்கமான வழி ஒன்று உண்டு. பூச்சே கார்பன். முடுக்கி நிறைமாலை முறைக்கு மில்லிகிராம் அளவு கார்பனே போதுமானது. பூச்சைப் பிரித்தெடுத்து நேரடியாகக் காலம் கணித்தால், அது சூளையில் படிந்ததா, புழக்கத்தில் படிந்ததா, புதைந்தபின் மண்ணிலிருந்து சேர்ந்ததா என்ற ஐயங்களுள் சிலவேனும் தீரும். மிகச் சிறிய விட்டமுடைய குழாய்கள் வளைவு மிகுதியால் வேதி நிலைப்பு குறைந்தவை. அவை ஈரிலக்க நூற்றாண்டுகள் ஈரமண்ணில் சிதையாதிருந்தன என்பது உண்மையாயின் அதுவே பெருஞ்செய்தி. அச்செய்திக்கு ஏற்ற வலிமையான காலச்சான்றும் வேண்டும்.

6. முடிவுரை

மேற்கண்டவற்றின் அடிப்படையில் மூன்று முடிபுகளைக் கூறலாம். ஜி, டி பட்டைகள் மட்டும் கார்பன் நானோகுழாய்க்குச் சான்றாகா. பானை ஓட்டில் ஆரவழி அசைவையும் ஹேமடைட்டை விலக்கிய பின்னரே சான்றாகக் கொள்ள வேண்டும். நானோகுழாயின் இருப்பு, இன்றைய மட்கலங்களோடு ஒப்பிடப்படும் வரை, தனித்த தொழில்நுட்பத்தைக் காட்டாது. ஓட்டின் காலம் ஊரின் காலத்திலிருந்து தானாகப் பெறப்படுவதன்று.

இவ்விமர்சனம் கீழடியின் பெருமையைக் குறைக்கும் என்று சிலர் கருதலாம். உண்மை அதற்கு மாறானது. இந்தியத் தொல்லியல் துறையின் முதலிரு கட்ட அகழாய்வுகள் குறித்து அமர்நாத் இராமகிருஷ்ணா 2023இல் அளித்த அறிக்கை, 2025இல் திருத்தம் கோரித் திருப்பி அனுப்பப்பட்டதையும், அதனையொட்டி எழுந்த சர்ச்சையையும் நாம் அறிவோம். கீழடியின் காலமும் அடுக்கும் இவ்வளவு கூர்மையாக வினவப்படும் வேளையில், நிறுவப்படாத ஒரு கூற்றை நிறுவப்பட்டவற்றோடு சேர்த்து முழங்குவது, வலுவான சான்றுகளையும் நலிவுறச் செய்யும். செங்கல் கட்டுமானமும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் நானோகுழாயின் துணையின்றியே நிற்கவல்லவை.

‘நானோ’ என்னும் சொல்லால் மறைக்கப்படுவது ஒன்றுண்டு. ஒரே சூளையில், ஒரே களிமண்ணில், காற்றை விடுத்தும் தடுத்தும் ஒரு கலத்துக்கு இரு நிறம் தந்த குயவரின் கைத்திறன் அது. அத்திறன் கருத்தோடு பயிலப்பட்டது, தலைமுறைதோறும் கற்பிக்கப்பட்டது, தமிழகமெங்கும் ஓடுகளாகச் சிதறிக் கிடக்கும் சான்றுடையது. அவர் அறிந்திராத ஒன்றை அவர்மேல் ஏற்றிப் போற்றுவதைக் காட்டிலும், அவர் அறிந்திருந்ததை முறையாக ஆராய்வதே அவருக்கு நாம் செய்யும் சிறப்பாகும். அவ்வாய்வுக்கு இராமன் நிறமாலை சிறந்த துணை. அக்கருவி சொல்வதைக் கேட்போம். சொல்லாததை அதன் வாயில் இடாதிருப்போம்.